ஜக்கார்டு பூட்டிய புத்தர்

ஆரணியில் இப்போது வாசலில் புத்தர் வைக்காத பட்டுக்கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஃபைபர் புத்தர், தண்ணீர் வழியும் புத்தர், தலைக்குப் பின்னால் நிறம் மாறும் விளக்கு சுற்றும் புத்தர் என்று வகைவகையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கடையில் அவர் மடியைச் செருப்பு டோக்கன் வைக்கும் இடமாக்கிவிட்டார்கள். இந்த வியாதி எந்தக் கடையில் தொடங்கியது, முதல் புத்தரைக் கட்டியவர் யார் என்பது எனக்குத் தெரியும். கட்டியவர் என் வீட்டுக்காரர். இத்தனை புத்தர்களுக்கு நடுவில் எந்தப் புத்தர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். மீறிக் கண்டுபிடித்து வந்து கேட்டால், அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று சாதிப்பேன். சாதிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

என் வீட்டுக்காரர் ஜக்கார்டு பூட்டுகிறவர். தறிக்கு மேலே பரண் போட்டது போல ஒரு பெட்டி உட்கார்ந்திருக்குமே, அதுதான் ஜக்கார்டு. அதன் கொக்கிகளிலிருந்து நூல்கள் இறங்கும். எந்தக் கொக்கி தூக்குகிறதோ அந்த நூல் எழும்பும். புடவையில் மயிலும் மாங்காயும் அப்படித்தான் வருகின்றன. முன்பு அட்டையில் ஓட்டை போட்டு ஓட்டினார்கள், இப்போது பென்டிரைவைச் செருகினால் போதும். ஆனால் நூலைக் கொக்கியில் கட்டப் பென்டிரைவ் வராது. அதற்கு ஆள் வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் நூல்களில் சிலது இடம் மாறினாலே மயில் கோழியாகிவிடும். நான் பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து முந்தானைக்குக் குஞ்சம் முடிகிறேன். தமிழ் படித்ததால் வந்த லாபம், முடியும்போது யாரையாவது திட்ட வேண்டுமென்றால் எனக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை.

ஒருநாள் விடிந்து வெயில் ஏறியபிறகு அவர் பாயில் எழுந்து உட்கார்ந்து, "லைட்டப் போடு" என்றார்.

"வெயில் மூஞ்சில அடிக்குது, இன்னும் இன்னா லைட்டு?" என்றேன்.

"வலது கண்ணுல இன்னாமோ கருப்பா தொங்கிகினு கீதும்மா."

வேலூருக்கு ஓடினோம். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நல்ல கண்ணைக் கையால் மூடச் சொல்லி, "இப்ப தெரியுதா?" என்று கேட்டார்கள். அவரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தெரியவில்லை என்றார். கடைசியில் டாக்டர், இருக்கிற ஒரு கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் பஸ்ஸில் ஊருக்கு இது தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். ஒற்றைக் கண்ணால் ஜக்கார்டு பூட்டுகிறவரை எந்த முதலாளி கூப்பிடுவார்? முள்ளிப்பட்டில் புதிதாக ஒரு ஃபிட்டர் பைக்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு கண்ணும் இருந்தன, போதாததற்குக் கூலிங்கிளாஸ் வேறு.

நூல் கட்டுவதில் என் வீட்டுக்காரருக்குச் சிரமமே இல்லை. அது விரலின் வேலை. தூரம்தான் பிடிபடவில்லை. டீ டம்ளரை நீட்டினால் அரைச் சாண் முன்னாலேயே கையை மூடிவிடுவார். ஏணிப் படியில் காலைக் காற்றில் வைப்பார். அதனால் போகிற இடத்துக்கெல்லாம் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். டம்ளரை விரலில் வைத்து அழுத்திக் கொடுத்தேன், படியில் பின்னாலேயே நின்றேன். ஊர் இதைச் சும்மா விடுமா? புருஷன் மேல் சந்தேகம், போளூர்ப் பக்கம் அவருக்கு யாரோ இருக்கிறாளாம், அதனால்தான் இவள் ஒட்டிக்கொண்டே திரிகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கோ, இந்த வயதில் தன் மேல் இப்படி ஒரு புரளி கிளம்பியதில் உள்ளூரச் சந்தோஷம். அதுவும் நல்லதற்குத்தான் என்று விட்டுவிட்டேன். பெண் விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கும் வரை கண் விஷயத்தை யாரும் பேசப்போவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்ப் பட்டு முதலாளி ஒருவர் நாலு மாடியில் ஷோரூம் கட்டினார். அவருக்கு என் வீட்டுக்காரர் பல வருஷமாக ஜக்கார்டு பூட்டிக் கொடுத்தவர். வாசல் ஹாலில் என்ன வைப்பது என்று முதலாளி ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். பிள்ளையார் வைத்தால் வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். பெருமாள் வைத்தால் வடகலையா தென்கலையா என்று வழக்கு வரும். அம்மன் வைத்தால் ஆடி மாதம் கூழ் ஊற்றச் சொல்வார்கள். கடைசியில் புத்தரைப் பிடித்தார். "தேங்கா ஒடைக்க வேணாம், பொங்கல் வெக்க வேணாம், தலைகட்டுக்கு வரி கேட்டு எவனும் வரமாட்டான். ஏசிக்கு ஏத்த சாமிம்மா" என்று என்னிடமே சொன்னார். ஆசையை ஒழிக்கச் சொன்னவரைக் கொண்டுவந்து புடவைக்கடை வாசலில் நிறுத்துகிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் வேலை கொடுப்பவரிடம் அதையெல்லாம் சொல்ல முடியுமா?

சென்னையிலிருந்து ஒரு கலைஞர் வந்தார். கறுப்பு ஜிப்பா, உச்சியில் கொண்டை, கையில் இரண்டு போன். அவர் செய்வது இயங்கும் கலையாம். சும்மா உட்கார்ந்திருக்கும் சிலையெல்லாம் போன நூற்றாண்டாம். எங்கள் ஊர்ப் பட்டு, எங்கள் ஊர் ஜக்கார்டு, அவருடைய சென்சார், அவருடைய ஆப், எல்லாம் சேர்ந்து ஒரு புத்தர். சுவர் அகலத்துக்குத் தந்த நிறத்தில் ஒரு பட்டுத்துணி, கொஞ்சம் தொளதொளவென்று தொங்கும். அதன் முதுகில் ஆயிரத்துக்கு மேல் நூல்களைத் தைத்து, அவற்றைப் பின்னால் மறைவில் இருக்கும் ஜக்கார்டுப் பெட்டியில் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் சென்சார் பார்க்கும், பெட்டி நூல்களைப் பின்னுக்கு இழுக்கும், வெறும் துணியில் ஒரு முகம் எழும்பும். பிறகு இமை திறக்கும். ஆள் போய்விட்டால் மறுபடி வெறும் துணி.

"அனிச்சா! நிலையாமை! அதான் கான்செப்ட்" என்றார் கலைஞர்.

"பில்லு போடற வரைக்கும் நிலையா இருந்தா போதும்" என்றார் முதலாளி.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சமணர்கள் உண்டு, நயினார் என்போம். முதலாளியின் பழைய வாடிக்கையாளரான ஒரு நயினார் வரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவரு நம்ம ஆளு இல்லீங்களே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கலைஞர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இவர் எல்லாருக்கும் ஆளு" என்றார். நயினார் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டார்.

வேலை என் வீட்டுக்காரருக்கு வந்தது. அதைவிடப் பெரிய சேதி ஒன்றும் உடன் வந்தது. ஷோரூமுக்குப் பின்னால் முதலாளி புதிதாகப் போடும் தறிக்கூடம் முழுவதற்கும் ஜக்கார்டு பூட்டுவது யார் என்பதை இந்தப் புத்தரைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். முள்ளிப்பட்டுக் கூலிங்கிளாஸ் இரண்டு தடவை வந்து முதலாளிக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் சோற்றில் குழம்பை ஊற்றாமல் தட்டுக்கு வெளியே ஊற்றினார். நான் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன். இந்த ஒரு வேலை தவறினால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

துணிக்குப் பின்னால் இருந்த மறைவு இடத்தில் இரண்டு பேர் எதிர் எதிரே நின்றால் வயிறு இடிக்கும். நான் துணியின் முதுகில் நூலைத் தைத்து முடிச்சுப் போட்டேன், அவர் மறுமுனையைக் கொக்கியில் கட்டினார். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அளவு உண்டு. எவ்வளவு தூரம் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்பது அந்த அளவில்தான் இருக்கிறது. கலைஞர் கொடுத்த வரைபடத்தை என் வீட்டுக்காரர் வாங்கியதும் குப்புறத் திருப்பி வைத்துக்கொண்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை, எங்கள் தொழிலில் யாரும் கேட்கமாட்டார்கள். தறியில் புடவையின் முகம் தரையைப் பார்த்திருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது முதுகு. எந்த டிசைன் வந்தாலும் திருப்பிப் போட்டு, ஏறுவதை இறக்கி இறங்குவதை ஏற்றிக் கட்டுவது அவருக்கு இருபது வயதிலிருந்து வந்த கைப்பழக்கம். மயிலை எப்படித் திருப்புவாரோ அப்படியே புத்தரையும் திருப்பினார்.

கட்டி முடித்ததும் கலைஞருக்கு வீடியோ கால் போட்டோம். அவர் சென்னையில் ஏதோ காபிக் கடையில் இருந்தார். பெட்டி 'கடகட'வென்று ஓடியது, துணியில் முகம் வந்தது, இமை திறந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு ஹாலின் அந்தக் கோடியில் நின்றேன். என் வீட்டுக்காரர் துணிக்குப் பக்கத்திலேயே போய்த் தலையைக் கோழி போலச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லா வந்துகீது" என்றார். போனுக்குள்ளிருந்து கலைஞர், "மாஸ்டர், பர்ஃபெக்ட்! கை கொடுங்க!" என்று கத்தினார்.

திறப்பு விழாவன்று கலைஞருக்கு முதல் பேஜார் பூஜையால் வந்தது. தேங்காயும் பொங்கலும் வேண்டாத சாமி என்றுதானே புத்தரைப் பிடித்தார் முதலாளி? புத்தருக்கு வேண்டாம், சரி. ஆனால் புது ஜக்கார்டைப் பூஜை போடாமல் ஓட்டினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், கம்ப்யூட்டர் போர்டுக்கு ஒரு பொட்டு, சென்சாருக்கு ஒரு பொட்டு, கீழே எலுமிச்சம்பழம். சென்சார் அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டு யாரோ வந்து நிற்பதாக நினைத்து விடாமல் புத்தரை எழுப்பியது. கலைஞர் ஓடிவந்து பொட்டைத் துடைத்தார். கற்பூரத் தட்டு பட்டுத்துணிக்குப் பக்கத்தில் போனபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆசை, கோபம், பயம் மூன்றும் இருந்தன.

தட்டைத் தடுக்கத் துணிக்கு அருகில் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். புத்தரின் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் விரல் முழுசாக உள்ளே போனது.

"மாஸ்டர்! முகம் உள்ள போயிருக்கு! மூக்கு பள்ளமா இருக்கு!"

நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். உண்மைதான். மூக்கு அப்படியே நிற்க, காதும் கன்னமும் பின்னால் போக வேண்டும் என்பது கலைஞரின் கணக்கு. எங்கள் வீட்டுக் கணக்கில் காதும் கன்னமும் நிற்க, மூக்கு பின்னால் போயிருந்தது. பின்பக்கம் நூல்களுக்கு நடுவில் நின்று பார்க்கிறவருக்குத்தான் அழகான, மேடான புத்தர். முன்னால் இருந்தது அச்சு வெல்லம் வார்க்கும் குழி மாதிரி ஒரு குழி. தூரத்திலிருந்து பார்த்தால் குழி என்று தெரியவில்லை. போனுக்கும் தெரியவில்லை, அதற்கும் கண் ஒன்றுதான்.

"இவ்ளோ பக்கத்துல நின்னு பாத்தீங்களே மாஸ்டர், இது தெரியலையா?" என்றார் கலைஞர்.

என் வீட்டுக்காரர் அந்தத் துணியை உற்றுப் பார்த்தார். அவருக்கு இப்போதும் மேடாகத்தான் தெரிகிறது என்பது எனக்கு மட்டும் புரிந்தது. "இன்னா சார் சொல்றீங்க, நல்லாத்தானே கீது" என்று அவர் சொன்னபோது, வாயைப் பொத்தலாமா என்று தோன்றியது. கலைஞரின் பார்வை துணியை விட்டு அவர் முகத்துக்கு வந்தது. இவருக்குக் கண் சரியில்லையோ என்று அவர் கேட்க இன்னும் ஒரு மூச்சுதான் பாக்கி.

அப்போதுதான் முதலாளி வாசல் வழியாக உள்ளே வந்தார். நாலடி நடந்தவர் நின்றார். இடது பக்கம் போனார், வலது பக்கம் வந்தார். "யப்பா!" என்று நெஞ்சில் கை வைத்தார். "நான் போற பக்கமெல்லாம் மூஞ்சியத் திருப்பிகினு என்னையே பாக்கறாரு!"

நானும் பின்னால் போய் நடந்து பார்த்தேன். பொய்யில்லை. குழியாக இருக்கிற முகம், எட்ட நின்று பார்த்தால் மேடாகத் தெரிந்து, நாம் நகர நகர நம் பக்கமே திரும்புகிறது. மோட்டாரும் இல்லை, சென்சாரும் இல்லை. கலைஞர் கீழிருந்து மேலே அடிக்கும்படி வைத்திருந்த விளக்கும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது.

கலைஞர் முதலாளியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். பிறகு கொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அதான் சார் கான்செப்ட்" என்றார். "முகம் இருக்குன்னு நினைக்கிறோம். ஆனா அங்க இருக்கறது வெறுமை. சூனியதா. இதுக்காகத்தான் ஆரணிக்கே வந்தேன்." ஒரு தத்துவத்தை இவ்வளவு ஜல்தியாக யாரும் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை.

"நான் தப்பா கட்டனேன். இவரு அதுக்குப் பேரு வெச்சிட்டாரு" என்று என் வீட்டுக்காரர் என் காதில் முணுமுணுத்தார்.

"சும்மா இருங்க. தப்புன்னு நம்ம வாயால சொல்லாதீங்க" என்றேன்.

கூட்டம் வந்தது. அரசியல் பிரமுகர், வியாபாரிகள், நயினார், வணக்கம் வைக்க வந்த கூலிங்கிளாஸ், எல்லோரும் ஹாலில் நெருக்கி நின்றார்கள். பெட்டி ஓடியது, முகம் எழுந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் ஆவென்று வாய் பிளந்தார்கள். ஆனால் மாலையும் சால்வையுமாக முன்வரிசையில் நின்ற பெரிய மனிதர்களுக்கு ஒன்றும் திரும்பவில்லை. மிகவும் கிட்டே நின்றதால் அவர்களுக்குக் குழி குழியாகவே தெரிந்தது. முக்கியமானவர்களுக்குத் தெரியாத அதிசயம் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறது என்றால் விழா என்னத்துக்கு ஆகும்? பிரமுகரின் முகம் சுருங்கியது. கலைஞர் பாய்ந்து மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கங்க! ரெண்டு கண்ணால பார்த்தா பள்ளம். ஒரு கண்ணால பார்த்தாத்தான் புத்தர் உங்களைப் பார்ப்பார்!"

பிரமுகர் மூடினார். அவர் மூடியதால் எல்லோரும் மூடினார்கள். ஆரணியின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் பட்டு வேட்டியில், ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, இடமும் வலமுமாக ஆடினார்கள். நயினார் கண்ணாடியின் ஒரு பக்கத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டார். கூலிங்கிளாஸ் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு மூடிக்கொண்டது. "ஐயோ, திரும்பறாரு!" என்று ஆளாளுக்குக் கூவினார்கள். கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமல் நின்றவர் அந்த ஹாலில் ஒரே ஒருவர்தான். முன்வரிசை ஓரத்தில், துணிக்குக் கைக்கெட்டும் தூரத்தில், இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு அவர் புத்தரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புத்தர் தானாகவே திரும்பிக்கொண்டிருந்தார்.

முதலாளி விரலிடுக்கில் அதைப் பார்த்துவிட்டார். "இன்னாப்பா, நீ மூடல? மூடாமயே தெரியுதா உனக்கு?"

ஹால் முழுவதும் இவர் பக்கம் திரும்பியது. மைக்கில் கலைஞர், "ஆமா, மாஸ்டர் எங்க? மாஸ்டரும் பார்க்கட்டும்!" என்றார். காலையில் கேட்க வந்த கேள்வி அவர் கண்ணில் மறுபடி வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் அவசர அவசரமாகக் கையைத் தூக்கிக் கண்ணை மூடினார். வேலூரில் பழகிய கை. நேராக நல்ல கண்ணைப் போய் மூடிக்கொண்டது.

"தெரியுதா மாஸ்டர்?"

"தெரியுது சார்" என்றார். குரல் கணீரென்று இருந்தது. "நல்லா தெரியுது. என்னையே பாக்கறாரு." சொல்லச் சொல்ல அவர் முகம் மெல்லத் தூண் பக்கம் திரும்பியது. தூணைப் பார்த்துத்தான் தலையாட்டினார். ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"கை பூரா கிரீஸு. அதைக் கொண்டுபோய் கண்ணுல வெப்பாங்களா? அறிவு வேணாம்?" என்று ஊர் கேட்கக் கத்தினேன். அவர் கையை நல்ல கண்ணிலிருந்து பிடுங்கி என் முந்தானையில் துடைத்தேன். தோளைப் பிடித்துப் புத்தர் பக்கம் திருப்பினேன். அவருடைய வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன்.

"பாத்தியா, புத்தரப் பாக்கறதுக்கும் பொண்டாட்டி கூட இருக்கணும்" என்றார் முதலாளி. "போளூர் பயம் இன்னும் போவலம்மா உனக்கு?" ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. கலைஞரும் சிரித்தார், அந்தக் கேள்வி அவர் கண்ணை விட்டுப் போய்விட்டது. சிரிப்போடு சிரிப்பாக முதலாளி, "திங்கக்கெழம வந்து புது தறி ஷெட்டுல அளவு எடுத்துக்கப்பா" என்றார்.

"ஏய்" என்றார் என் வீட்டுக்காரர், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எல்லாருக்கும் இப்படித்தான் திரும்பறாரா?"

"எல்லாருக்கும் இப்படித்தான்" என்றேன். நான் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, மிகக் கிட்டே நின்றிருந்தேன். எனக்குக் குழிதான் தெரிந்தது. என் உள்ளங்கைக்கு அடியில் அவருடைய வலது கண் விடாமல் இமைத்துக்கொண்டிருந்தது. பார்வை போய்விட்டது என்று அதனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.